மார்ட்டினுக்கு வீடு கட்டினால் முதலில் வருவது சிட்டுக்குருவி

முதல் வருஷம் பிப்ரவரியிலேயே பறவை வீட்டைக் கம்பத்தில் ஏற்றி, பன்னிரண்டு அறைகளின் வாசலையும் திறந்து வைத்தேன். பர்ப்பிள் மார்ட்டின் என்ற பறவை வரும் வரும் என்று காபியும் கையுமாகக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தேன். மார்ச் முடிவதற்குள் ஏழு வாசல்களில் காய்ந்த புல் தொங்கியது. உள்ளே இருந்ததெல்லாம் சிட்டுக்குருவி. ஏப்ரலில் ஒரே ஒரு மார்ட்டின் வந்து கூரையில் உட்கார்ந்தது. ஓர் ஆண் குருவி அதன் முதுகில் பாய்ந்து விரட்டியது. போனது போனதுதான், அந்த வருஷம் திரும்பவில்லை.

இரண்டாம் வருஷமும் வெறுங்கைதான். மூன்றாம் வருஷம்தான் ஒரு ஜோடி குடியேறியது. நான் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே. கீழே சொல்லும் தேதிகள் எங்கள் பக்கத்துக் கணக்கு. நீங்கள் வடக்கே இருந்தால் தேதி தள்ளிப்போகும், வேலை மாறாது.

முதலில், ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம்மூரில் குளிர்காலத்தில் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே தகைவிலான், அந்தக் குடும்பம்தான் இது. வட அமெரிக்கத் தகைவிலான்களில் இதுவே பெரியது. நீளம் சுமார் 20 செ.மீ., எடை ஏறக்குறைய 50 கிராம். பெயர் பர்ப்பிள் என்றாலும், வளர்ந்த ஆணின் நிறம் நாவல்பழத் தோல் மாதிரி. நிழலில் கறுப்பு, வெயில் பட்டால் கருநீல மினுமினுப்பு. பெண்ணுக்கு வயிறு சாம்பல். போன வருஷம் பிறந்த இளம் ஆணும் கிட்டத்தட்டப் பெண் மாதிரிதான் இருக்கும். முழு நிறம் ஏற இரண்டு வருஷம் ஆகும். இந்த இளசுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டுக்கு வரப்போவது பெரும்பாலும் அவைதான்.

குளிர்காலத்தைப் பிரேசில் பக்கம் கழித்துவிட்டு, வசந்தத்தில் வடக்கே வந்து குஞ்சு பொரிக்கும் பறவை இது. ராக்கி மலைக்கு மேற்கே இன்னும் மரங்கொத்தி விட்டுப்போன பொந்துகளிலும், அரிசோனாவின் சகுவாரோ என்ற ராட்சதக் கள்ளியின் பொந்துகளிலும் கூடு கட்டுகிறது. கிழக்கே கதை வேறு. இங்கே ஏறக்குறைய முழுக்க முழுக்க மனிதர் வைக்கும் வீட்டை நம்பித்தான் வாழ்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே சாக்டா, சிக்கசா போன்ற பழங்குடி மக்கள் இதற்காகச் சுரைக்குடுக்கைகளைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நம்மூரில் முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகுவார்களே, அதே இனச் சுரைதான். இன்றைக்கும் சுரைக்குடுக்கையில் மார்ட்டின் வளர்ப்பவர்கள் நிறைய.

மார்ட்டின் வைத்திருப்பவர்கள் இங்கே தங்களை லேண்ட்லார்ட், அதாவது வீட்டுக்காரர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். சரியான பெயர். வாடகை வராது, பராமரிப்பு மட்டும் உங்கள் தலையில்.

இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கொசுத் தொல்லை தீரும் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள். ஒரு மார்ட்டின் ஒரு நாளைக்கு 2,000 கொசு தின்னும் என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. இல்லினாய் மாநிலத்தின் கிரிக்ஸ்வில் ஊரில் மார்ட்டின் வீடு தயாரித்து விற்ற ஜே. எல். வேட் என்ற தொழிலதிபர் 1960-களில் அதை நன்றாகப் பரப்பினார். மார்ட்டின் பகல் வெளிச்சத்தில், உயரத்தில் பறந்து இரை பிடிக்கும். கொசு மங்கலில், தரையை ஒட்டி வரும். இரண்டும் சந்திப்பதே அபூர்வம். மார்ட்டினின் சாப்பாடு தட்டான், வண்டு, ஈ, இறக்கை முளைத்த எறும்பு. கொசுவுக்குத் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதுதான் வழி.

இடம்

உங்கள் கொல்லை ஒத்துவராவிட்டால் மற்ற எல்லாம் வீண். எனவே பணம் செலவழிக்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள்.

கம்பம் நிற்கப்போகும் இடத்திலிருந்து சுற்றிலும் 40 அடிக்குள் உயர்ந்த மரம் இருக்கக்கூடாது. 60 அடி கிடைத்தால் இன்னும் நல்லது. மரத்தில் மறைந்திருந்து பாயும் கூப்பர் வல்லூறுக்குத்தான் இந்தப் பயம். இறக்கையை விரித்தபடி சறுக்கி வந்து இறங்கவும் மார்ட்டினுக்கு வெட்டவெளி வேண்டும். அதே நேரம் உங்கள் வீட்டிலிருந்து 100 அடிக்குள் கம்பம் இருக்கட்டும். மனிதர் நடமாட்டம் உள்ள இடத்தில் பருந்தும் ஆந்தையும் கொஞ்சம் தயங்கும் என்பது மார்ட்டினுக்குத் தெரியும். குழந்தைகள் விளையாடினாலும், புல் வெட்டும் இயந்திரம் ஓடினாலும் கண்டுகொள்ளாது. ஆளரவமில்லாத மூலையில் கொண்டுபோய் வைத்தால்தான் வராது.

புதிதாகக் கட்டிய குடியிருப்பில், நட்ட மரம் இன்னும் ஆள் உயரம்கூட வராத கொல்லை இருக்கிறதா? மற்றப் பறவைக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். மார்ட்டினுக்கு அதுதான் முதல் தரமான மனை. பக்கத்தில் ஏரியோ குளமோ இருந்தால் பூச்சி அதிகம் கிடைக்கும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

குழி தோண்டும் முன் இரண்டு வேலை. ஒன்று, எச்.ஓ.ஏ. (குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம்) விதிகளைப் படியுங்கள்; கம்பத்தின் உயரத்துக்குச் சில இடங்களில் கட்டுப்பாடு உண்டு. இரண்டு, 811-க்குப் போன் செய்யுங்கள். மண்ணுக்கடியில் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று இலவசமாக அடையாளம் போட்டுத் தருவார்கள்.

வீடும் கம்பமும்

கடையில் பார்க்க அழகாக இருப்பதை வாங்காதீர்கள். நான் முதலில் வாங்கியது பொம்மை மாளிகை மாதிரி ஒன்று. விலை மலிவு, ஆனால் ஏணி போட்டால்தான் எட்டும். ஒரு குருவிக் கூட்டைப் பார்க்க ஒவ்வொரு முறையும் ஏணியைச் சுமந்தால், மூன்றாவது வாரம் விட்டுவிடுவீர்கள். நானும் விட்டேன். கயிறும் கப்பியும், அல்லது கையால் சுற்றும் வின்ச்சும் உள்ள கம்பம்தான் வேண்டும். நின்ற இடத்திலிருந்தே வீட்டை நேராக இறக்கி ஏற்ற முடியும். காசு மிச்சம் பிடிப்பதானால் வீட்டில் பிடியுங்கள், கம்பத்தில் வேண்டாம்.

அலுமினிய வீடு, மர வீடு, பிளாஸ்டிக் குடுக்கை, நிஜச் சுரைக்குடுக்கை எல்லாமே வேலை செய்யும். பார்க்க வேண்டியவை இவைதாம்:

- அறையின் அளவு. பழைய மாதிரிகளில் 6 அங்குலத்துக்கு 6 அங்குலம். 6-க்கு 12 இருந்தால் கூடு உள்ளே தள்ளிப் போகும். ஆந்தையின் காலுக்கும் மழைச் சாரலுக்கும் எட்டாது.
- நிறம் வெள்ளை. வெயிலில் உள்ளே வேகாமல் இருக்கும். டெக்சாஸ் ஜூனில் இது அலங்காரம் அல்ல, குஞ்சுகளின் உயிர்.
- ஒவ்வொரு அறைக்கும் தனிக் கதவு, காற்றோட்டம், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை.
- ஆரம்பத்தில் ஆறு முதல் எட்டு அறை போதும். பன்னிரண்டு இருந்தாலும் பாதியை அடைத்தே வையுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

வாசல் துளை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய முறை வட்டத் துளை, சுமார் 2⅛ அங்குல விட்டம். அதில் ஸ்டார்லிங்கும் நுழையும். நம்மூர் மைனாவின் உறவுக்காரப் பறவை அது, அதே அடாவடி. 1890-இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து பறக்கவிட்டார்கள். இன்று கண்டம் முழுக்க அதன் ராஜ்யம். இதைத் தடுக்கத்தான் பிறைவடிவ வாசல் வந்தது. அதன் உயரம் 1 3/16 அங்குலம். மார்ட்டின் தவழ்ந்து போய்விடும், ஸ்டார்லிங்குக்குத் தோள் இடிக்கும். அளவு ஒரு நூல் கூடினாலும் ஸ்டார்லிங் உள்ளே வந்துவிடும். வாசலின் கீழ்விளிம்பும் படியோடு ஒட்டி இருக்க வேண்டும். புது வீட்டுக்குப் பிறைவாசலையே வாங்குங்கள்.

ஆனால் சிட்டுக்குருவி? மார்ட்டின் நுழையும் எந்தத் துளையிலும் குருவி நுழையும். அதைத் தடுக்கும் வாசலை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. விற்பவர் வேறுவிதமாகச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வீட்டின் உயரம் 12 முதல் 15 அடி. கம்பத்தில் நாலைந்து அடி உயரத்தில் பாம்புத் தடுப்பு கட்டாயம். அகலமான தகரக் குழாயைக் கம்பத்தைச் சுற்றித் தொங்கவிடுவதுதான் அது. இரும்புக் கம்பத்தில் பாம்பு எப்படி ஏறும் என்று நானும் கேட்டேன். எங்கள் பக்கத்து எலிப்பாம்பு வழுவழுப்பான கம்பத்திலும் ஏறும். ஒரே ராத்திரியில் வீட்டையே காலி செய்துவிடும். ரக்கூனும் அதே வழிதான். ஆந்தை வரும் பகுதி என்றால் வாசல்களுக்கு முன் கம்பி வலைத் தடுப்பும் வேண்டும்.

எப்போது திறப்பது

முதல் வருஷம் நான் தோற்றது இதில்தான்.

வயதான மார்ட்டின்கள் முதலில் வரும். புளோரிடாவுக்கும் டெக்சாஸ் கடற்கரைக்கும் ஜனவரியிலேயே வந்துவிடும். டாலஸ் பக்கம் பிப்ரவரி. ஒஹாயோ, பென்சில்வேனியா என்றால் ஏப்ரல் ஆகிவிடும். இவற்றை ஒற்றர்கள் என்பார்கள்; கூட்டத்துக்கு இடம் பார்க்க முன்னே வந்து, திரும்பிப் போய் மற்றவற்றை அழைத்து வரும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. அவை போன வருஷம் குஞ்சு பொரித்த அதே வீட்டுக்கு வரும் பழைய குடித்தனக்காரர்கள். உங்கள் புது வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஒரு வயது இளசுகள் அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் வரத் தொடங்கும், பிறகு வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அவற்றுக்குச் சொந்த வீடு கிடையாது. உங்கள் வாடிக்கையாளர்கள் அவர்கள்தான். ஆக, உங்கள் ஊரில் முதல் மார்ட்டினைப் பார்த்த செய்தி வந்ததிலிருந்து நாலு வாரம் எண்ணுங்கள். அதுவரை வீடு மேலேயே இருந்தாலும் வாசல்கள் எல்லாம் அடைத்திருக்கட்டும். எங்கள் பக்கம் மார்ச் நடு. சிட்டுக்குருவியோ வருஷம் முழுக்க இங்கேயே இருக்கிறது, குளிர் குறைந்ததும் வீடு தேடத் தொடங்கிவிடும். பிப்ரவரியில் திறந்த வாசல் அதற்கு அழைப்பிதழ்.

நாலு வாரம் ஆனதும் எல்லாவற்றையும் திறக்காதீர்கள். நாலு அறை போதும். அவற்றின் உள்ளே ஒரு பிடி காய்ந்த பைன் ஊசியோ, தேவதாரு மரச்சீவலோ பரப்புங்கள். ஒரு ஜோடி பிடித்துக்கொண்டால் இன்னொன்றைத் திறங்கள். திறந்திருக்கும் அறை எத்தனையோ அத்தனையையும் நீங்கள் காவல் காக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சிட்டுக்குருவி

இங்கே கொஞ்சம் மனசு கஷ்டப்படும்.

ஊரில் மார்ச் 20-ஆம் தேதி சிட்டுக்குருவி தினம் கொண்டாடுகிறோம். பள்ளிக்கூடங்களில் மரப்பெட்டி கொடுக்கிறார்கள். என் அம்மா திருச்சியில் அப்படி ஒன்றை வாங்கி மாடிப்படிக்கு மேல் மாட்டி, நாலு வருஷமாகக் காத்திருக்கிறாள். ஒன்றும் வரவில்லை. இங்கே வந்திருந்தபோது நான் கம்பத்தை இறக்கிக் குருவிக்கூட்டைப் பிடுங்கி எறிவதைப் பார்த்துவிட்டு, "குருவிக் கூட்டைக் கலைக்காதேடா, பாவம் சேரும்" என்றாள். அங்கே இருப்பதும் இங்கே இருப்பதும் ஒரே இனம்தான். ஆனால் இங்கே அது வந்தேறி. 1850-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் கொண்டுவந்து விட்டவை. பொந்தில் கூடு கட்டும் உள்ளூர்ப் பறவைகளின் முட்டையைக் கொத்தி உடைக்கும், குஞ்சைக் கொல்லும், சில சமயம் தாயையே உள்ளே வைத்துக் கொத்திக் கொல்லும். அம்மாவுக்கு இதை விளக்கினேன். பாதிதான் ஒப்புக்கொண்டாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். 1918-ஆம் ஆண்டின் இடம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் மார்ட்டினையும் ஏறக்குறைய எல்லா உள்ளூர்ப் பறவைகளையும் பாதுகாக்கிறது. முட்டையுள்ள அவற்றின் கூட்டைக் கலைப்பது குற்றம். சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே கையை வைக்கும் முன் கூடு யாருடையது என்று நூறு சதவீதம் உறுதி செய்யுங்கள்.

குருவிக்கூடு குப்பைமேடு மாதிரி: காய்ந்த புல், இறகு, பிளாஸ்டிக் தாள், கடை ரசீது எல்லாவற்றையும் அறை நிறையத் திணித்து மேலே கூரை போல வளைத்திருக்கும். முட்டை அழுக்கு வெள்ளை, மேலெல்லாம் பழுப்புப் புள்ளி. மார்ட்டின் கூடு தட்டையானது: சுள்ளி, வாசல் பக்கம் மண்ணால் ஒரு வரப்பு, மேலே பச்சை இலை. முட்டை சுத்த வெள்ளை, புள்ளியே கிடையாது. அறை முழுக்கச் சுள்ளி மட்டும் அடைத்திருந்தால் ரென் என்ற சிறு பறவையாக இருக்கலாம். முட்டை நீலமாக இருந்தால் புளூபேர்ட் என்ற உள்ளூர்ப் பறவையாக இருக்கலாம். இரண்டையும் தொடக்கூடாது. மரத் தகைவிலானும் வரும். அதுவும் உள்ளூர் ஆள்தான், முட்டையும் வெள்ளைதான், ஆனால் சிறியது, கூட்டில் இறகு மெத்தை இருக்கும். அதற்கு 1½ அங்குலத் துளையோடு ஒரு தனிப் பெட்டியைத் தள்ளி வைத்துக்கொடுத்தால் சண்டை தீர்ந்தது.

சரி, குருவியை எப்படிக் குறைப்பது? முதலில் சாப்பாடு. பறவைத் தீனித் தட்டில் கம்பு, தினை, நொறுக்கிய சோளம், ரொட்டித்துண்டு போட்டால் அக்கம்பக்கத்துக் குருவியெல்லாம் உங்கள் கொல்லைக்குக் குடிவரும். கடையில் விற்கும் மலிவான கலவைத் தீனியில் இருப்பது பெரும்பாலும் இவைதான். குசும்பா விதை, நைஜர் விதைக்கு மாறுங்கள். குருவிக்கு அவ்வளவாகப் பிடிக்காது. காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் (எங்கள் வீட்டில் அமாவாசைக்கு உண்டு) வாசல் பக்கம் வைத்துவிட்டு, மீந்ததை உடனே எடுத்துவிடுங்கள். துணி உலர்த்தும் இயந்திரத்தின் காற்றுக்குழாய், கூரை இடுக்கு, மூடிவைத்த பார்பெக்யூ அடுப்பு ஆகியவற்றையும் பாருங்கள். அங்கே ஒரு ஜோடி வளர்ந்தால் அடுத்த மாதம் அதன் பிள்ளைகள் உங்கள் கம்பத்தில்.

அப்புறம் கூடு. குருவிக்கூட்டை எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. ஆண் குருவி பெண்ணைவிட இடத்தின் மீதுதான் பிடிப்பு வைத்திருக்கும். நீங்கள் காலையில் பிடுங்கினால் மாலைக்குள் மறுபடி புல்லோடு நிற்கும். நாளுக்கு நாள் பிடுங்கினால் இன்னும் மோசம். கோபம் தலைக்கேறி அக்கம்பக்கத்து அறைகளில் புகுந்து முட்டைகளை உடைக்கும். மார்ட்டின் ஏற்கெனவே குடியேறிய வீட்டில் இது பெரிய ஆபத்து. மார்ட்டின் வரும் முன்பே கூட்டை எடுப்பதும், அந்த அறையை உடனே அடைப்பதும் பயன் தரும். பிடுங்கிவிட்டு வாசலைத் திறந்தே வைப்பது அதனோடு கபடி ஆடுவது போல.

நான் கண்டவரை உருப்படியான வழிகள் இரண்டு.

ஒன்று, கம்பத்திலிருந்து தள்ளி, கைக்கு எட்டும் உயரத்தில் குருவிக்கென்றே ஒரு பெட்டி. அது அங்கே கூடு கட்டட்டும், முட்டை இடட்டும். முட்டை வந்ததும் அவற்றின் மேல் சமையல் சோள எண்ணெயைத் தடவி அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். ஓட்டின் நுண்துளை அடைபட்டு முட்டை பொரியாது. ஆனால் குருவி அது தெரியாமல் அடைகாத்துக்கொண்டே இருக்கும், உங்கள் கம்பத்துக்கு வராது. எடுத்து எறிந்தால் ஒரு வாரத்தில் அடுத்த ஈடு போடும். எண்ணெய் தடவினால் வாரக்கணக்கில் நேரம் கிடைக்கிறது. அம்மா இதற்குத் தடை சொல்லவில்லை.

இரண்டு, பொறி. குருவி பிடித்துவைத்திருக்கும் அறைக்குள்ளேயே பொருத்தும் சிறு பொறிகள் கிடைக்கின்றன. உள்ளே நுழைந்ததும் கதவு விழும். இதில் ஒரே ஒரு விதிதான், ஆனால் மீறவே கூடாது: பொறி வைத்தால் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும், மணிக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். மார்ட்டினோ ரென்னோ சிக்கினால் அந்த நிமிஷமே விட வேண்டும். பொறியை வைத்துவிட்டு ஆபீஸ் போகிறவர் இதைத் தொடவே வேண்டாம். பிடித்த குருவியை என்ன செய்வது? கொல்வதற்கு மத்தியச் சட்டத்தில் தடை இல்லை, உங்கள் ஊர் விதியை ஒரு முறை பாருங்கள். பத்து மைல் தள்ளி விடுவது வேறொருவர் தலையில் கட்டுவதுதான். எனக்குக் கொல்ல மனசு வரவில்லை. காயம்பட்ட பருந்துகளைப் பராமரிக்கும் ஒரு மையத்தில் விசாரித்தேன், அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அங்கே என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் கையில் வைத்து நானே செய்வதைவிட அது எனக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. உங்கள் முடிவு உங்களுடையது.

விஷம் வைப்பது கூடவே கூடாது. அது வேறெந்தப் பறவை வாயில் போகும் என்று சொல்ல முடியாது. ஏர்கன்னும் வேண்டாம்.

குருவி வேலையைச் செய்ய விருப்பமில்லை என்றால் மார்ட்டின் வீடு வைக்காதீர்கள். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் பார்க்க ஆளில்லாத மார்ட்டின் வீடு ஒரு குருவித் தொழிற்சாலை. ஒரு ஜோடி ஒரே கோடையில் மூன்று ஈடு குஞ்சு தள்ளும். அதற்கு வீடு வைக்காமல் இருப்பதே அந்தத் தெருவின் பறவைகளுக்கு நல்லது.

கூப்பிடுவது

மார்ட்டின் கூட்டமாக வாழும் பறவை. காலியாக இருக்கும் வீட்டின் மேல் அதற்குச் சந்தேகம் அதிகம். எனவே ஏற்கெனவே ஆள் இருப்பது போல ஒரு தோற்றம் கொடுக்க வேண்டும்.

ஆண் மார்ட்டின் விடியலுக்கு முன், இருட்டிலேயே உயரப் பறந்தபடி பாடும். கீழே வழிப்போக்கராகப் போகும் இளசுகளை அது ஈர்க்கும். இந்த விடியற்பாட்டின் ஒலிப்பதிவு கிடைக்கிறது; பென்சில்வேனியாவின் ஈரி நகரில் உள்ள பர்ப்பிள் மார்ட்டின் பாதுகாப்புச் சங்கம் விற்கிறது. இளசுகள் வரும் பருவத்தில் விடியலுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் தொடங்கி வெளிச்சம் வரும்வரை ஒலிக்கவிடுங்கள். ஒலிபெருக்கியை வானத்தைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. அந்த அம்மாள் இரண்டு நாள், தன் வீட்டுப் புகை எச்சரிக்கைக் கருவியில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று தேடியிருக்கிறார்.

கூரையில் ஒன்றிரண்டு பிளாஸ்டிக் மார்ட்டின் பொம்மைகள் வைக்கலாம். அவித்துக் காயவைத்து நொறுக்கிய முட்டை ஓட்டை ஒரு தட்டில் உயரத்தில் வைத்தால், குடியேறிய பிறகு பெண் பறவைகள் சுண்ணாம்புச் சத்துக்காக எடுத்துப் போகும்.

பிறகு காத்திருப்பதுதான். மார்ட்டின் வந்து சுற்றிவிட்டு இரண்டு நாள் காணாமல் போகும், திரும்ப வரும், உள்ளே தலையை விட்டுப் பார்க்கும், போய்விடும். பெண் பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்களே, அந்த மாதிரி. பச்சை இலையைக் கொத்திக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தால்தான் நிச்சயம். எங்கள் வீட்டில் அது ஏப்ரல் கடைசி வாரம், சாம்பல் வயிறு ஆண் ஒன்றும் பெண் ஒன்றும். வடக்கு மாநிலங்களில் ஜூன் தொடக்கம் வரைகூட நம்பிக்கையை விட வேண்டியதில்லை.

வந்த பிறகு

வாரம் ஒரு முறை வீட்டை இறக்கிப் பாருங்கள். மனித வாசம் பட்டால் தாய் கைவிட்டுவிடும் என்பது கட்டுக்கதை. பெரும்பாலும் நாலைந்து முட்டை இருக்கும். அடைகாப்பது 15, 16 நாள். பொரித்த குஞ்சு பறக்க ஏறக்குறைய நாலு வாரம். எந்த அறையில் எத்தனை முட்டை, என்று பொரித்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தேதி ஏன் முக்கியம் என்றால், குஞ்சுக்கு 22 நாள் ஆன பிறகு வீட்டை இறக்கக்கூடாது. பயந்து, இறக்கை முற்றும் முன் குதித்துவிடும்.

இறக்கும்போது குருவி நுழைந்திருக்கிறதா, கூட்டில் உண்ணி மண்டியிருக்கிறதா என்று பாருங்கள். மண்டியிருந்தால் குஞ்சுகளை ஒரு வாளியில் துணி விரித்து வைத்துவிட்டு, பழைய கூட்டை எடுத்து, அதே வடிவில் புது மரச்சீவலைப் போட்டுக் குஞ்சுகளைத் திரும்ப வைக்கலாம். அறை மாறக்கூடாது.

குளிர் இன்னோர் ஆபத்து. வெப்பம் 50 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பூச்சி பறக்காது. மூன்று நாலு நாள் அப்படியே நீடித்தால் மார்ட்டின் பட்டினியில் செத்துவிடும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்க உறைந்தபோது சீக்கிரம் வந்திருந்த பறவைகள் நிறையச் செத்தன. அப்படிப்பட்ட நாட்களில், செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் சில்வண்டை வாங்கி, பறவைகள் சுற்றும்போது ஸ்பூனால் ஆகாயத்தில் சுண்டி விடுவார்கள். மார்ட்டின் பறந்தபடியே பிடிக்கும். பழகிவிட்டால் தட்டில் வைத்த முட்டைப் பொரியலைக்கூடத் தின்னும். உப்பு, வெங்காயம், பச்சை மிளகாய் எதுவும் வேண்டாம்.

ஜூலையில் குஞ்சுகள் பறந்ததும் வீட்டை உடனே இறக்கிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் ஒன்றுமே வராத வருஷமாக இருந்தாலும் சரி. அந்தக் கோடையில் வேறெங்கோ பிறந்த குஞ்சுகள் ஊர் சுற்றி வந்து, அடுத்த வருஷத்துக்கு வீடு பார்த்து வைத்துக்கொள்ளும் சமயம் அது. எங்கள் வெற்று வீட்டில் இரண்டாம் வருஷ ஜூலையில் ஒரு காலை ஐந்தாறு இளம் மார்ட்டின்கள் உட்கார்ந்து சத்தம் போட்டுவிட்டுப் போயின. மறு ஏப்ரலில் வந்தது அவற்றில் ஒன்றுதானா என்று தெரியாது. அப்படித்தான் என்று என் மகள் அடித்துச் சொல்கிறாள்.

ஆகஸ்ட் நடுவில் வானம் அமைதியாகிவிடும். அப்போது இறக்குங்கள். பழைய கூட்டைக் குப்பையில் போட்டு, அறைகளைக் கழுவி வெயிலில் உலர்த்தி, வாசல்களை அடைத்துக் கராஜுக்குள் வையுங்கள். சுரைக்குடுக்கையாக இருந்தால் தரையில் வைக்காமல் தொங்கவிடுங்கள், பூஞ்சை பிடிக்காது. எங்கள் கராஜில் அவை கொலுப்படிக்கு மேலே தொங்குகின்றன. நவராத்திரிக்குப் படியை இழுக்கும்போது மட்டும் தலையைக் குனிய வேண்டும்.